தோள்மேல் சைக்கிள்

நீர்மாலைக்கு வேண்டிய பித்தளைக் குடங்களைச் சுகுணாதான் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். கட்டினவனைக் கூடத்தில் கிடத்தியிருக்கும்போது கட்டினவள் பாத்திரம் விளக்குவது என்ன முறை என்று பக்கத்து வீட்டு ஜெயலட்சுமி இரண்டு தடவை வந்து கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். சுகுணா எழுந்திருக்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்தால் சுரேந்திரனின் முகத்தைப் பார்க்க வேண்டும். இங்கே குடத்தைப் பார்த்தால் போதும். அப்போதுதான் மாமனார் வெள்ளைச்சாமி பின்வாசலில் வந்து நின்று, அவள் தலைக்கு மேலாகத் தன் சின்ன மகனிடம் சொன்னார்.

"தேவேந்திரா, என் மகன் இந்தப் படியில எறங்குறதுக்கு முன்னாடி அந்தச் சனியன் எறங்கிருக்கணும். பழைய இரும்பு எடுக்குற கபாடிக்காரனுக்குப் போனப் போடு."

சனியன் என்று அவர் சொன்னது மழைநீர் டிரம்முக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்ற சைக்கிளை. நேற்றுக் காலையில் பயிற்சிக்குப் போய்வந்து சுரேந்திரன் எப்படிச் சாய்த்துவிட்டுப் போனானோ அப்படியே நின்றது. டயர்களிலும் சங்கிலியிலும் ஒட்டியிருந்த சேறு காய்ந்து வெளுத்துப்போயிருந்தது. எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவன் சைக்கிளைக் கழுவாமல் வீட்டுக்குள் வந்ததில்லை. தான் குளிப்பதற்கு முன்னால் அதைக் குளிப்பாட்டிவிடுவான். நேற்று மட்டும், "நெஞ்சு கரிக்குது சுகுணா, அப்புறம் கழுவிக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சோடா கேட்டான். சோடா வாங்கி வருவதற்குள் வேர்த்துக் கொட்டிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோனார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் இந்த அடைப்பு வந்துதான் இருக்கும் என்று டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். வெள்ளைச்சாமி கேட்டுக்கொண்டார், ஒப்புக்கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனுக்கா வந்தது, சேற்றில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடினவனுக்குத்தானே வந்தது என்பது அவர் கட்சி. அதை நேற்றிலிருந்து அவர் யாரிடமும் உரக்கச் சொல்லவில்லை. சைக்கிளைப் பார்க்கும்போது மட்டும் அவர் முகத்தில் அது தெரிந்தது.

சுகுணா குடத்தைக் கீழே வைத்தாள்.

"மாமா, சைக்கிள் இருக்கட்டும்."

"அது இந்த வீட்டுல இருந்துச்சுன்னா நான் இருக்க மாட்டேன் தாயி. ஊருக்குக் கப்பல் ஏறிருவேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். அவர் தணிந்த குரலில், கெஞ்சுகிற மாதிரி சொன்னார். ஊரில் அவருக்கென்று யாரும் இல்லை. கமுதிப் பக்கத்து வீடு இடிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் போய்விடுவார். ஒன்றைச் சொல்லிவிட்டால் செய்துவிடுகிற மனுஷன். இன்றைக்கு ஒருத்தனை அனுப்பிவிட்டு நாளைக்கு இன்னொருவரையும் அனுப்பும் தெம்பு சுகுணாவுக்கு இல்லை. சைக்கிளை விடவும் அவளால் முடியாது. இரண்டுக்கும் நடுவில், புளிக்கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். தேவேந்திரன் அவள் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். படிகளில் அது தட்தட்டென்று இறங்குகிற சத்தம் கீழே சாலைவரைக்கும் கேட்டது. தூக்கத் தெரிந்தவன் தள்ளமாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது.

தீவுத் துறைமுகத்தை ஒட்டிய மரைன் ஹில்லில் அவர்கள் வீடு பாதி மலையில் இருந்தது. வண்டிகள் கீழே முனிசிபல் குழாயடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் பாசி பிடித்த படிகள்தான். அக்கம்பக்கத்தில் எல்லாரும் ஸ்கூட்டரையும் சைக்கிளையும் கீழேயே பூட்டிவிட்டு வருவார்கள். சுரேந்திரன் மட்டும் தினமும் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து, சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு படிகளில் ஓடி ஏறுவான். பொதுப்பணித் துறையில் யு.டி.சி. கிளார்க், நாற்பத்தாறு வயது, தொப்பை வேறு. முதலில் தெரு வேடிக்கை பார்த்தது. பிறகு அதற்கும் சலித்துவிட்டது.

அவன் இப்படிப் பழகிய பந்தயத்துக்குப் பெயர் சைக்ளோகிராஸ். பத்துபஸ்திப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், மழை முடிகிற சமயத்தில் கிளப்காரர்கள் நடத்துவார்கள். ரோட்டில் ஓட்டுவது அதில் சேர்த்தி இல்லை. சேறு, மணல், மேடு, குறுக்கே பலகைகள். ஓட்ட முடிகிற இடத்தில் ஓட்டலாம், முடியாத இடத்தில் குதித்து இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். ஒரே பாதையைத் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். முதலில் போகிறவன் ஒரு சுற்று முந்திவந்து நம்மைத் தொட்டுவிட்டால் விசில் அடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள். சுரேந்திரன் ஓடிய அத்தனை பந்தயத்திலும் அந்த விசில் அவனுக்காக அடிக்கப்பட்டது. விசில் அடிப்பது மிண்டு என்கிற பெங்காலிக்காரன். அடித்துவிட்டு அவனே வந்து கட்டிப்பிடித்துக்கொள்வான். கடைசிச் சுற்றுக்கு ஒரு பள்ளிக்கூட மணி அடிப்பார்கள். அதை ஒரு தடவையாவது சைக்கிள்மேல் இருந்து கேட்டுவிட வேண்டும் என்பது சுரேந்திரனின் ஆசை. அதற்காக வருஷம் முழுக்கப் படியேறினான்.

இன்னொரு ஆசையும் இருந்தது. அப்பா ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் பந்தயத்துக்கு முதல்நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி கேட்பான்.

"அப்பா, நாளைக்கு வர்றீகளா?"

"எதுக்கு? நீ தூக்குறதப் பாக்கவா? சைக்கிள் மேல மனுசன் போவான். மனுசன் மேல சைக்கிள் போறத இந்த ஊர்லதான் பாக்குறேன்."

வெள்ளைச்சாமி ஹாடோ துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த அரிசியும் சிமெண்டும் அவர் வலது தோள் வழியாகத்தான் தீவுக்குள் இறங்கின. அவர் சட்டை போட்டாலும் போடாவிட்டாலும் அந்தத் தோளில் ஒரு துண்டு கிடக்கும். தூக்கியது என்னோடு போகட்டும் என்று பெரியவனைப் படிக்கவைத்து, மேசைக்கு முன்னால் உட்காரவைத்தார். அவன் சம்பளத்தைப் போட்டு, தூக்குவதற்கென்றே ஒரு சைக்கிள் வாங்கிக்கொண்டு வந்து நின்றால் எந்தத் தகப்பனுக்கும் வயிறு எரியத்தான் செய்யும். சாயங்காலம் அவர் ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, படிகளும் துறைமுகமும் தெரிய உட்கார்ந்திருப்பார். சுரேந்திரன் மூச்சு வாங்கிக்கொண்டு வாசலுக்கு வரும்போது அவர் முகம் டி.வி. பக்கம் திரும்பியிருக்கும். "அப்பா டி.வி. பாக்குறாகளாக்கும்" என்று அவன் சிரித்துக்கொண்டே பின்கட்டுக்குப் போவான். அந்தச் சிரிப்பு சுகுணாவுக்குப் பிடிக்காது.

பந்தயத்துக்கு அவனோடு போனது அவள்தான். தோப்பின் ஓரத்தில் கயிறு கட்டி ஓர் இடம் விட்டிருப்பார்கள். அங்கே வாளி, பிரஷ், துணியோடு அவள் நிற்பாள். ஓட்டுகிறவர் சேறு அப்பிய சைக்கிளை அங்கே போட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டு போகலாம். அடுத்த சுற்றில் வருவதற்குள் இதைக் கழுவி வைக்க வேண்டும். மற்றவர்களிடம் இரண்டாவதாக நல்ல சைக்கிள் இருக்கும். சுரேந்திரனிடம் இருந்தது மகள் திவ்யாவின் பழைய பள்ளிக்கூடச் சைக்கிள். முன்னால் கூடைகூட இருந்தது. அதில் ஏறி அவன் போகும்போது தோப்பே கைதட்டும்.

அவன் தென்னைகளுக்கு அந்தப் பக்கம் மறைந்துவிடுவான். சுகுணா கழுவிக்கொண்டே வளைவைப் பார்ப்பாள். மேட்டுப் பக்கத்திலிருந்து "உட்டாவ், உட்டாவ் பாய்" என்று மிண்டு கத்துவது கேட்கும். தூக்கு, தூக்கு என்று அர்த்தம். அப்படியானால் பலகைக்கு வந்துவிட்டான். பிறகு மணல். பிறகு மூச்சு இரைக்கிற சத்தம், அப்புறம் கண்ணும் பல்லும் மட்டும் தெரிகிற முகம். அவளைப் பார்த்ததும் அந்தப் பல் இன்னும் கொஞ்சம் தெரியும். சைக்கிளை அவள் பக்கம் தள்ளிவிட்டு மற்றதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவான். அவ்வளவுதான், பேச்சுக்கு நேரமில்லை. ஆனால் திரும்ப வருவான். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் அவனுக்காக எத்தனையோ தடவை காத்திருக்கிறாள், கப்பலடியில், ஆபீஸ் வாசலில், சோற்றை மூடி வைத்துக்கொண்டு. காத்திருப்பதே சந்தோஷமாக இருந்தது அந்தக் கயிற்றுக்குள்ளே நின்றபோதுதான்.

திவ்யா காலை விமானத்தில் வந்து சேர்ந்தாள். மதுரையில் கல்லூரியில் படிக்கிறவள். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுது ஓய்ந்தபிறகு, முகம் கழுவப் பின்கட்டுக்குப் போனவள் உடனே திரும்பி வந்தாள். டிரம் பக்கத்தில் இருந்த காலி இடம் அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

"அம்மா, அப்பா சைக்கிள் எங்க?"

சுகுணா மாமனார் இருந்த திசையைப் பார்த்தாள்.

நீர்மாலை எடுக்க ஆண்கள் குடங்களோடு இறங்கினார்கள். பிணத்தைக் குளிப்பாட்டும் நீரை வெளியிலிருந்துதான் மொண்டு வர வேண்டும். ஊரில் என்றால் ஊருணிக்குப் போவார்கள். இங்கே அவர்கள் சனத்துக்கு முனிசிபல் குழாய்தான் ஊருணி. வெள்ளைத் துணியை நான்கு பேர் நான்கு மூலையில் பிடிக்க, குடத்தோடு தேவேந்திரன் அதற்குக் கீழே நடந்தான். குழாயைத் திறந்தார்கள். கொர்ரென்று காற்று வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர், இன்று விடாத நாள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த அத்தனை ஆம்பிளைகளுக்கும் அது தெரியும். துக்கத்தில் ஒருவருக்கும் நினைப்பு வரவில்லை.

வீட்டில் டிரம் நிறைய மழைத்தண்ணீர் இருக்கிறதே என்று யாரோ சொன்னார்கள். சைக்கிள் கழுவுவதற்காகச் சுரேந்திரன் கூரையிலிருந்து குழாய் வைத்துப் பிடித்துவைத்த தண்ணீர். ஆனால் வீட்டுத் தண்ணீரை வீட்டிலேயே மொண்டால் அது எப்படி நீர்மாலையாகும்? பெரியவர்கள் படியில் நின்றபடி பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். டிரம் தண்ணீரை வாளியில் மொண்டு, படியிறங்கி, குழாயடிக்குக் கொண்டுபோய், அங்கே குடத்தில் ஊற்றி, திரும்பவும் வெள்ளைத் துணிக்குக் கீழே மேலே கொண்டு வந்தார்கள். எலெக்ட்ரிக் கடை யோகராஜ், மிண்டு, இன்னும் கிளப் ஆட்கள் வாளிகளோடு ஏறி இறங்கினார்கள்.

சுகுணா வாசற்படியிலிருந்து இதைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சுக்குள் வந்த அந்தச் சிரிப்போடு, வழக்கம்போல, அவனிடம் சொல்ல வேண்டும் என்று தலையைத் திருப்பினாள். கூடத்தில் அவன் வாயைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தான். நேற்றிலிருந்து அவள் அழுத அழுகையெல்லாம் மற்றவர்கள் அழுததால் வந்த அழுகை. இப்போதுதான் அவளுக்கு அவன் வேண்டியிருந்தது. இதைச் சொல்வதற்கு, இதைக் கேட்டு அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதைப் பார்ப்பதற்கு. புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஜெயலட்சுமி அவளை அணைத்துக்கொண்டு, அழுதுரும்மா, அழுதுரு என்றாள்.

கீழே, தண்ணீர் வராத குழாயின் கம்பத்தில் சைக்கிள் சாய்ந்து நின்றது. வெள்ளைத் துணி அதை உரசிக்கொண்டு போயிற்று. கபாடிக்காரன் இன்னும் வரவில்லை.

முற்றத்தில் சேலையை மறைப்பாகக் கட்டினார்கள். உடம்பைக் கிடத்த ஒரு பலகை வேண்டும் என்றதும் தேவேந்திரன் பின்கட்டிலிருந்து படாக் மரப் பலகை ஒன்றை உருவிக்கொண்டு வந்தான். குறுக்கே வைத்துத் தாண்டிப் பழகுவதற்காகச் சுரேந்திரன் அறுத்து இழைத்தது அது. அவன் நீளத்துக்குக் கொஞ்சமும் குறையவில்லை. சட்டைகளைக் கழற்றிய ஆண்கள் தண்ணீர் ஊற்ற, உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து எண்ணெயும் சீயக்காயும் தொட்டு, புறங்கையால் அவன் தலையில் வைத்துவிட்டு நகர்ந்தார்கள். சுகுணாவைக் கடைசியாகக் கூட்டி வந்தார்கள்.

அவள் எண்ணெயைத் தொட்டாள். புறங்கையால் வைக்க வேண்டும் என்று ஜெயலட்சுமி நினைவுபடுத்தினாள். தலையில் வைத்தவள், கையை எடுக்காமல், காதுக்குப் பின்னால் கொண்டுபோனாள். இடது காதுக்குப் பின்னால் எப்போதும் சேறு மிச்சமிருக்கும். பந்தயத்திலிருந்து வந்து மூன்று சோப்புப் போட்டாலும் அந்த இடத்தை விட்டுவிடுவான். துண்டை நனைத்து அவள்தான் துடைப்பாள், கூச்சமாக இருக்கிறது என்று நெளிவான். இப்போதும் இருந்தது. ஆஸ்பத்திரியில் துடைத்தவர்களுக்கும் தெரியவில்லை. கையைத் திருப்பி, விரல் நுனியால் தேய்த்து எடுத்தாள். முறையில்லைதான்.

அப்போது வெள்ளைச்சாமி குனிந்தார்.

"இது என்ன காயம்?"

சுரேந்திரனின் வலது தோளில், கழுத்தை ஒட்டி, கறுத்துத் தடித்த ஒரு பட்டை இருந்தது. தேவேந்திரன் குனிந்து பார்த்து, விழுந்திருப்பான் போல என்றான். பெரியவர் முகம் இறுகியது.

"காயம் இல்ல மாமா," என்றாள் சுகுணா. "காய்ச்சுப்போனது. டெய்லி படியில சைக்கிளத் தூக்குவாகல்ல. அந்தக் கம்பி உக்கார்ற எடம்."

வெள்ளைச்சாமி சட்டையைக் கழற்றும்போதே அவருடைய துண்டும் போயிருந்தது. அவர் தோள் வெறுமையாக இருந்தது. இருபது வருஷத்தில் சுகுணா அந்தத் தோளைத் துண்டில்லாமல் இன்றுதான் பார்க்கிறாள். அதே இடம், அதே கறுப்பு. கொஞ்சம் அகலம் கூடுதல், அவ்வளவுதான். பார்க்கக்கூடாததைப் பார்த்த மாதிரி கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். வெள்ளைச்சாமி தேவேந்திரனின் கையிலிருந்து சொம்பை வாங்கினார். அந்தத் தோளின்மேல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். சொம்பு காலியான பிறகும் சாய்த்துப் பிடித்துக்கொண்டே இருந்தார். யோகராஜ்தான் மெல்ல வாங்கி வைத்தான்.

தூக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பாடையைப் படிகளில் இறக்கி, கீழே நிற்கும் வண்டியில் ஏற்ற வேண்டும். பாசிப்படி, நனைந்து வழுக்கியது. சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிளப் ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தார்கள். சேற்றில் காலை எப்படி வைப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எல்லாரும் தோள்கொடுத்துக் குனிந்திருந்தபோது, மிண்டு மட்டும், யாருக்கும் கேட்காது என்று நினைத்து, "உட்டாவ் பாய்" என்றான். பாடை எழுந்தது.

பெண்கள் வாசலோடு நின்றார்கள். கிளப் ஆட்கள் அவனை ஒரு குலுங்கல் இல்லாமல் இறக்கிக்கொண்டு போனார்கள். திருப்பத்தில் இருந்த வேப்பமரம் அவனை மறைத்துக்கொண்டது. சுகுணா அந்தத் திருப்பத்தையே பார்த்தாள். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள். வளைவில் ஒருவன் மறைந்தால் அங்கேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று கண்ணுக்குப் பழகிவிட்டது. திவ்யா வந்து தோளைத் தொட்டு உள்ளே அழைத்துக்கொண்டு போனாள்.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். அவன் தலை இருந்த இடத்தில் விளக்கு ஏற்றினார்கள். டிரம்மில் அடித்தண்ணீர்தான் மிச்சம் இருந்தது, மழை அதை மறுபடி நிரப்பத் தொடங்கியிருந்தது. திவ்யா ரகசியமாக, நான் போய்ச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன், ஜெயலட்சுமி அத்தை வீட்டில் வைக்கலாம் என்றாள். ஜெயலட்சுமியும் சரி என்றாள். யோகராஜும் போவதற்கு முன்னால், அக்கா, என் கடையில் வைத்துக்கொள்கிறேன், ஐயாவுக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லியிருந்தான். எல்லாரும் நல்லவர்கள். ஆனால் அடுத்த வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கும் சைக்கிள் அவளுக்கு எதற்கு? அவன் கொண்டுவந்து சாய்க்கிற இடத்தில் அது இருக்க வேண்டும். அந்த இடத்தை அந்தப் பெரியவர் கண்ணில் படாமல் மறைக்க முடியாது.

கீழிருந்து "கபாடீ" என்று குரல் வந்தது. தள்ளுவண்டிக்காரன் குழாயடியில் நின்று, சைக்கிள் சீட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, மேலே அண்ணாந்து கூவினான். தாலி அறுக்காத புது விதவை வாசலுக்கு வெளியே போய்க் கத்திப் பேசக்கூடாது. சுகுணா படியின் தலைமாட்டுக்குப் போய் நின்றாள்.

"அபீ நஹீ," என்றாள். "ஷாம் கோ ஆவ்."

இப்போது வேண்டாம், சாயங்காலம் வா. வேண்டவே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. மாமனாரின் அந்தக் கெஞ்சுகிற குரல் ஞாபகம் வந்தது, சாயங்காலம் என்று மாற்றிக்கொண்டாள். அவன் இழவு வீட்டின் கூட்டத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

தீவில் பொழுது சீக்கிரம் சாயும். மழை விட்டு, துறைமுகத்துப் பக்கம் வானம் வெளிறிக்கொண்டிருந்தபோது ஆண்கள் திரும்பினார்கள். கால் கழுவி விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். சுகுணா வாசலில் வாளியும் சொம்புமாக நின்றாள். மொட்டைத்தலையோடு முதலில் தேவேந்திரன் ஏறி வந்தான். பிறகு யோகராஜ், மிண்டு, மற்றவர்கள். ஒவ்வொருவர் காலுக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். பெரியவரைக் காணவில்லை.

"மாமா எங்க தம்பி?"

"பின்னாடி வந்துக்கிட்டு இருந்தாக மதினி," என்று தேவேந்திரன் திரும்பிப் பார்த்தான்.

வெள்ளைச்சாமி கீழே குழாயடியில் நின்றிருந்தார். சைக்கிளுக்கு எதிரில், அதையே பார்த்துக்கொண்டு. கபாடிக்காரன் ஏன் கொண்டுபோகவில்லை என்று கூப்பிட்டுக் கேட்பார் என்று சுகுணா நினைத்தாள். அவர் கூப்பிடவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். குனிந்தார். வலது கையைச் சைக்கிளின் முக்கோணத்துக்குள் விட்டார். கம்பியைத் தோளில், கழுத்தை ஒட்டி ஏற்றினார். உள்ளே விட்ட கையை மடக்கிக் கொண்டுபோய் ஹேண்டில்பாரைப் பிடித்து, முன்சக்கரம் ஆடாமல் நிறுத்தினார்.

மூட்டையை அப்படிப் பிடிக்க மாட்டார்கள். சைக்கிளைத் தூக்கத் தெரியாதவன் இரண்டு கையாலும் தூக்குவான், இல்லையென்றால் சீட்டைப் பிடிப்பான். இந்தப் பிடி சுரேந்திரனுடைய பிடி. இத்தனை வருஷமாக, தினமும் சாயங்காலம், ஜன்னலோரத்து நாற்காலியிலிருந்து அவர் பார்த்திருக்கிறார். அவன் படியேறி வாசலுக்கு வரும் வரைக்கும் பார்த்துவிட்டு, அப்புறம் முகத்தை டி.வி. பக்கம் திருப்பியிருக்கிறார். சுகுணா சொம்பை வாளியில் போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அய்யோ, இது அவனுக்குத் தெரியாமல் போய்விட்டதே என்றுதான் முதலில் வந்தது.

அப்பா வேண்டாம், நான் தூக்குகிறேன் என்று தேவேந்திரன் இரண்டு படி இறங்கினான். மிண்டு அவன் கையைப் பிடித்து நிறுத்தினான். கிழவர் ஓடவில்லை. ஒவ்வொரு படியாக, நின்று நின்று, வேப்பமரத் திருப்பத்தைத் தாண்டி ஏறி வந்தார். மழையில் ஊறிய சேறு அவர் தோளிலும் மாரிலும் வழிந்தது. வாசலுக்கு வந்தும் இறக்காமல் நின்றார். மூச்சு வாங்கியது.

"இதுல கனமே இல்லயே தாயி," என்றார்.

சுகுணா தலையை மட்டும் ஆட்டினாள்.

"எங்க வைப்பான்?"

அவள் பின்கட்டைக் காட்டினாள். அவர் வீட்டைச் சுற்றிக்கொண்டு போனார். திவ்யா கூடவே போனாள். டிரம் பக்கத்தில், சுவரில் டயர் தேய்த்துக் கறுத்திருந்த இடத்தைத் திவ்யா காட்ட, அங்கே சரியாகச் சாய்த்து வைத்தார். சுகுணா அவர் கால் கழுவ வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். சொம்பில் மொண்டு அவர் காலருகே நீட்டினாள்.

"மொதல்ல இதுக்கு ஊத்து தாயி. காஞ்சா போகாது."

கீழே சாலையில் "கபாடீ" என்று கூவியது. தேவேந்திரன் அப்பாவின் முதுகைப் பார்த்தான். பிறகு படியின் தலைமாட்டுக்குப் போய், கையை ஆட்டி அவனைப் போகச் சொன்னான்.

டிரம்மின் மூடிமேல் பிரஷ் இருந்தது. சுகுணா அதை எடுத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பெரியவர் தண்ணீரை ஊற்றினார். சங்கிலியிலிருந்து, டயர் இடுக்கிலிருந்து, ஞாயிற்றுக்கிழமைச் சேறு இளகி இறங்கியது. அவள் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுத் தேய்த்தாள். அது கிரிக் கிரிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. கலங்கிய தண்ணீர் வீட்டோரமாக ஓடி, முன்வாசலில் நின்றவர்களின் காலை நனைத்துக்கொண்டு, படிகளில் ஒவ்வொன்றாக இறங்கிப் போயிற்று.